அழுக்குப் படம்தான் முதலில்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. கிளினிக்கைப் பேருந்து நிலையம் பக்கம் மாற்றியது நல்ல காரியம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை.

"இன்னும் அந்தச் சர்க்கரையைத்தான் நோண்டுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம். குழந்தைகளுக்கு நீ போடும் டைபாய்டு ஊசியில் இருக்கிறதே விஐ பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலி, இப்போது அதுதான் என் மேசையில். டைபாய்டு கிருமியின் மேலுறை. 1934-இல் ஃபீலிக்ஸ், பிட் என்ற இரு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது. அமைப்பு என்னவோ எளிமைதான்: ஒரே சர்க்கரை அமிலம், ஒரே வகைப் பிணைப்பு, நீளமான சங்கிலி. ஆனால் கனநீரில் கரைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். மூலக்கூறின் அமைப்பைக் கோடுகளாகப் படம் பிடிக்கும் என்எம்ஆர் கருவியில் வைத்தால் கோடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சூடாக்கினால் ஓரளவு தெளியும், அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமான வைத்தியம் காரம். கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால், மூன்றாம் கார்பனில் ஆக்சிஜனைப் பிடித்துத் தொங்கும் அசிட்டைல்கள் என்ற சிறு அணுக்கூட்டங்கள் உதிர்ந்துவிடும். சங்கிலியின் சில சர்க்கரை வளையங்களில் அவை இருக்கும், சிலவற்றில் இருக்காது. பாதிக் குழப்பம் அதனால்தான். உதிர்ந்தபின் எல்லா வளையமும் ஒரே மாதிரி, படம் பளிச்சென்று வரும். மாணவர்கள் அதைத்தான் ஆசையாகக் காட்டுவார்கள். நான் காரம் விடுவதற்கு முன் எடுத்த அழுக்குப் படத்தைத்தான் முதலில் கேட்பேன். சங்கிலிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை அந்த அசிட்டைல்கள். கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிக்கு முக்கியமான பிடிமானமும் அவைதான். முழுக்க உதிர்த்துவிட்ட விஐயால் உடம்பில் எதிர்ப்பாற்றலைத் தூண்ட முடியாது. தடுப்பூசிக்கான விஐயில் கிராமுக்கு 2 மில்லிமோலாவது அசிட்டைல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதித்ததும் சும்மா இல்லை.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இருக்கிறதே, அதன் முக்கியச் சங்கிலியும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டாம் கார்பனில் நைட்ரஜன் கிடையாது, மூன்றாவதில் அசிட்டைல் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் ஷூ, ராபின்ஸ் குழுவினர் பெக்டினில் அசிட்டைலை ஏற்றி, ஒரு புரதத்தோடு இணைத்து எலிகளுக்கு ஊசி போட்டார்கள். விஐக்கு எதிரான ஆன்டிபாடி வந்துவிட்டது! 1994-இல் வெளியான வேலை அது. எந்த அணுவை உடம்பு கவனிக்கிறது, எதைக் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது.

சரி, மகள் மருத்துவத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்தைச் சொல். பரீட்சைக்கு வராது என்று கார்போஹைட்ரேட் பாடத்தை நீ தாண்டிப்போனாயே, அந்த யோசனையை மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
கண்ணன்