காரியத்துக்கு வருகிறவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வேலை போனதை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டு, "நல்லா இருந்தப்ப திரும்பிக்கூடப் பார்க்காத சாமியை இப்போ தினமும் கும்பிடுறேன், வெட்கமா இருக்கு" என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் நின்றது. அம்மாவுக்கு இதய ஆபரேஷன், அதனால்தான் பதில் எழுத முடியவில்லை. பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆபரேஷன் முடிகிறவரை ஐந்து மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனை பாட்டு மனப்பாடம்! ஒன்றுகூட முழுசாக வாயில் வரவில்லை. முதல் அடி வரும், அடுத்த அடி தொலைந்துவிடும். அம்மா கழற்றிக் கொடுத்த இரண்டு வளையலையும் விரலில் உருட்டிக்கொண்டு, "பார்த்துக்கோ, பார்த்துக்கோ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இத்தனை வருஷம் நான் வேண்டியதிலேயே அதுதான் உண்மையான வேண்டுதல் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் ஒப்பித்தல்.

சரி, உன் வெட்கத்துக்கு வருகிறேன். கீதையின் 7ஆம் அத்தியாயத்தில், தன்னை வணங்குகிறவர்கள் நான்கு வகை என்கிறான் கண்ணன். துன்பப்பட்டவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. ஞானிதான் அவனுக்கு ரொம்பப் பிரியம், அது வேறு விஷயம். ஆனால் பட்டியலில் முதல் ஆள் துன்பப்பட்டவன்தான். இரண்டு சுலோகம் தள்ளி, நான்கு பேருமே உயர்ந்தவர்கள் என்றும் சொல்லிவிடுகிறான். காரியத்துக்கு வந்தவன் என்று யாரையும் விரட்டவில்லை. நீ முதல் வகையிலும் வருகிறாய், மூன்றாவதிலும் வருகிறாய். உனக்கென்ன குறை?

அப்பரையே எடுத்துக்கொள். சமணத்தில் தருமசேனர் என்று பெரிய பேரோடு இருந்தவர். சூலை நோய் வயிற்றைப் பிடித்துத் திருகியபோதுதான் அக்கா திலகவதியாரிடம் வந்தார். திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, குடலை முடக்குகிறது, தாங்க முடியவில்லை என்ற முறையீடுதான். வயிற்று வலிக்காக வந்தவர், வலி போன பிறகும் திரும்பிப் போகவில்லை.

அதற்காக, கஷ்டம் வந்தால் எல்லோரும் கடவுளிடம் போய்விடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கும்பிடுவதையே நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் 'எல்லாம் நன்மைக்கே' என்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தார்கள், கெட்டது.

என் கவலை வேறு. போர் முடிந்து கண்ணன் துவாரகைக்குக் கிளம்பும்போது, ஆபத்துகள் திரும்பத் திரும்ப வரட்டும், அப்போதுதானே உன்னைப் பார்க்க முடிகிறது என்று குந்தி கேட்டதாகப் பாகவதம் சொல்கிறது. அப்படிக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் அவள் எதற்குப் பயந்தாள் என்று புரிகிறது. அம்மா வீட்டுக்கு வந்து நாலாவது நாள், காலையில் கும்பிடக்கூட மறந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். வளையல் அவள் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், புதன்கிழமை இன்டர்வியூ என்றாயே, முடிந்ததும் ஒரு வரி எழுது. அம்மா கும்பிடும்போது உன் பேரையும் சொல்கிறாள். என் பேருக்கு முன்னாலேயே சொல்கிறாள், அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

உன் பழைய
பக்கத்து பெஞ்சுக்காரன்