உன் ஊர் மண்ணும் கற்களும்

அன்பின் மச்சான்,

நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய ஸ்காபரோ செங்குத்துக் கரைப் படங்களை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பனிக்கட்டியாற்றுப் படிவு என்றால் நாலு பெயரைப் பாடமாக்கிவிட்டுப் போகிற பிள்ளைகள், இந்தமுறை மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா!

கரையின் கீழ்ப்பகுதியைக் கிட்டத்தில் எடுத்திருந்தாயே, அதில் மணலும் களியும் படை படையாகக் கிடக்கின்றன. பழைய ஏரி ஒன்றுக்குள் ஆறு கொண்டுவந்து இறக்கியது அது. மேலே பார்த்தால் கதை வேறு. இறுகிய களிக்குள் சிறுகல், பெருங்கல், கூர் மழுங்காத கல் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஓடும் தண்ணீர் வேகம் குறையக் குறைய முதலில் கல்லையும், பிறகு மணலையும், கடைசியில் சேற்றையும் போடும். எங்கள் முகத்துவாரத்து மணல்திட்டில் ஒரு கல்லைக் கண்டிருக்கிறாயா? பனிக்கட்டி அப்படித் தரம் பிரிப்பதில்லை. அள்ளி வந்ததை உருகிய இடத்தில் அப்படியே விட்டுவிடும்.

ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், தாந்தாமலையில் கிடக்கிற உருண்டைக் கல்லெல்லாம் பனி கொண்டுவந்ததா?" அருமையான கேள்வி. இல்லை, அவை அந்த இடத்துப் பாறையே வெடித்து, விளிம்பு தேய்ந்து மிஞ்சியவை. கல்லும் அடிப்பாறையும் ஒரே இனம். உன் பக்கத்தில் அப்படியில்லை. ரொறன்ரோவின் அடிப்பாறை மாக்கல், அதாவது களி இறுகிய படிவுப் பாறை, ஆனால் மேலே கிடப்பதோ வடக்கிலிருந்து பனி சுமந்துவந்த கருங்கல். எங்கு இந்தப் பொருத்தம் தவறுகிறதோ, அங்குதான் அலைகல்லை, அதாவது பனி தூரத்திலிருந்து கொண்டுவந்து விட்ட கல்லை, தேட வேண்டும்.

உங்களுக்கு வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொறேன் இருக்கிறதல்லவா, ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நீளம். மொறேன் என்றால் பனிக்கட்டியாறு நேரே விட்டுப்போன கல்லும் மண்ணும் கலந்த மேடு. இதன் பெயர் மொறேன் என்றாலும் பெரும்பகுதி மணலும் பரலும்தான். இரண்டு பனிநாக்குகளுக்கு நடுவில் உருகுநீர் கொண்டுவந்து குவித்தது. பனியும் அதன் தண்ணீரும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கின்றன, பாடப்புத்தகம்தான் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடுகிறது. மணல் என்றபடியால் மழையை உறிஞ்சி வைத்து ஹம்பர், டொன், ரூஜ் ஆறுகளுக்கு ஊற்றாகக் கொடுக்கிறது. 2001இல் அதைக் காக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். நல்ல வேலை. இங்கே மணல் அகழ்ந்து ஆற்றங்கரைகள் இடிவதைப் பார்க்கிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

ரிச்மண்ட் ஹில்லில் உன் மருமகள் வீட்டுக்குப் போனால் வில்கொக்ஸ் ஏரியையும் பார்த்துவிட்டு வா. மண்ணுக்குள் புதையுண்ட பனிக்கட்டிப் பாளம் உருகி விட்ட பள்ளம்தான் அந்த ஏரி. அப்புறம் பீற்றர்பரோ பக்கத்து ட்ரம்லின்கள், நகர்ந்த பனிக்கட்டி வடித்துவிட்ட மேடுகள். கவிழ்த்த கரண்டி போலிருக்கும் அந்த மேடுகளைப் பக்கவாட்டில் நின்று படமெடு. பனி வந்த வடகிழக்குப் பக்கம் செங்குத்தாகவும், போன தென்மேற்குப் பக்கம் சாய்ந்து நீண்டும் இருக்கும். அந்த இரண்டு சரிவும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

இங்கே எல்லாரும் சுகம். படுவான்கரையில் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது, மழைதான் கொஞ்சம் பிந்துகிறது. மகள் ஓகஸ்டில் சோதனை எழுதுகிறாள், அவளும் புவியியல்தான் எடுத்திருக்கிறாள். படங்களைத் தவணை முடிவதற்குள் அனுப்பினால் வகுப்பில் காட்டிவிடுவேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்
மட்டக்களப்பு