காரைக்குடியில் பைக் வாங்கப் போகும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

ஆவணியில் பைக் எடுக்கப் போகிறாயாம், என் அண்ணன் சொன்னார். வண்டியை ஆவணியில் எடு, பேரத்தை ஆடியிலேயே முடித்துவிடு. ஆடியில் வண்டி எடுக்க நம் பக்கத்தில் பலருக்கும் மனசு வராது, ஷோரூம்கள் காற்று வாங்கும். அதுவும் இங்கிலீஷ் மாதக் கடைசியில், டார்கெட் முடியாத மேனேஜர் தானாக இறங்கி வருவார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போய் நின்றால் உன்னை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

'எவ்வளவு குறைப்பீங்க?' என்று ஆரம்பிக்காதே. ஆன்-ரோடு விலையை, அதாவது எல்லாம் சேர்த்து வண்டி கைக்கு வர ஆகும் மொத்தத் தொகையை, வரிவரியாகப் பிரித்து எழுதிய கொட்டேஷனைக் கேட்டு வாங்கு. எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை) கம்பெனி வைத்தது, அதில் பெரிதாக அசைய மாட்டார்கள். சாலை வரி அரசாங்கத்துக்குப் போவது: வண்டி விலை 1 லட்சம் வரை என்றால் 10 சதவீதம், அதற்கு மேல் என்றால் 12. நம் பேரமெல்லாம் கொட்டேஷனில் இருக்கும் மற்ற செலவுகளில்தான்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்று இருக்கும். வண்டியை இறக்கித் துடைத்து நிறுத்தி வைத்ததற்குக் கூலியாம்! அந்த வரியில் விரலை வைத்து 'இது எதுக்குங்க?' என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அந்தப் பையன் 'மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் மேடம்' என்று உள்ளே போவான். திரும்பி வரும்போது பாதியாவது குறைந்திருக்கும். முழுசாக அடிக்கச் சொல். ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு போட்டிருந்தால் அதையும் விடாதே. வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 138-லேயே இருக்கிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது) 5 வருடத்துக்குக் கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு 1 வருடம் போதும். அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. போனில் வேறு கம்பெனியின் தொகையை எடுத்துக் காட்டு, இறங்குவார்கள்.

கடன் என்றால் கவனம். '10 சதவீதம்தான்' என்பார்கள், அது ப்ளாட் வட்டி: அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. 60,000 ரூபாய்க்கு 3 வருடத்தில் 18,000 வட்டி. அசல் குறையக் குறையக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வரும். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய ஊரில் பிறந்துவிட்டு இதில் ஏமாறலாமா?

புதுக்கோட்டையிலோ மதுரையிலோ இன்னொரு கொட்டேஷன் வாங்கிக் கையில் வைத்துக்கொள். உன் சிநேகிதி 2025 கோடையில் வாங்கிய விலை உதவாது. அந்த செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வண்டிக்குக் கம்பெனி தரும் ஃபாரம் 22 என்ற சான்றிதழில் வண்டி தயாரான மாதம், வருடம் இருக்கும், பார். போன வருடத்து வண்டி என்றால் இன்னும் அடித்துப் பேசலாம்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய எனாமல் தூக்குக்கு நீ பேசிய பேரத்தை நான் பார்த்திருக்கிறேன். பிடித்ததே முகத்தில் தெரியவில்லை. அதே முகத்தோடு போ. சிவப்பு வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தாயானால் ஆயிரம் ரூபாய் அங்கேயே போயிற்று.

முன்பணத்தை கம்பெனிக் கணக்கில் போட்டு ரசீது வாங்கு. டெலிவரி தேதியையும் அதிலேயே எழுதச் சொல்.

அப்புறம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகாதே. முதல் கொட்டேஷனிலேயே 'பரவாயில்லை, போட்டுக்கோங்க' என்று தலையாட்டிவிடுவார். நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும்.

அன்புடன்,
உன் அயித்தை