அழைப்பிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி மாதம் மயிலாப்பூரில் என் மூத்த மகளின் திருமணம் நடந்தது. மூன்று முடிச்சுப் போட அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழை வாங்க 71 நாள் ஆனது. யாரும் லஞ்சம் கேட்டு இழுத்தடிக்கவில்லை. ஒரே ஓர் எழுத்து எங்களை அலைய வைத்தது. 36 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான் என்பதால், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அழைப்பிதழ் அடித்தோம். நான்கு முறை மெய்ப்புப் பார்த்தேன். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களின் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள், தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும் என்ற வழக்கு, முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். வீட்டில் கூப்பிடும் பெயரும் இருக்கட்டும் என்று என் அக்கா சொன்னதால், ‘விஜி என்கிற விஜயலட்சுமி’ என்று போட்டேன். அந்த அழைப்பிதழையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணமாகக் கேட்பார்கள் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக்கொண்டு, சாட்சிகளோடு போனோம். வீட்டுமனைக் கிரயத்துக்கு வந்தவர்களும் வில்லங்கச் சான்று கேட்டு வந்தவர்களும் நிறைந்திருந்த கூடத்தில் பட்டுப்புடவையோடு என் மகள். எங்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்கள் காகிதங்களை வரிசையாகப் பரப்பினார். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘லட்சுமி’க்கு ஆங்கிலத்தில் கே, எஸ், எச். ஆதாரில் அதே இடத்தில் ஒரு எக்ஸ். பள்ளியில் ‘ச.’ என்ற முதலெழுத்து, ஆதாரில் என் பெயர் முழுதாக அவள் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அதே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். அழைப்பிதழில் விஜி. பெற்றது ஒரு பெண். மேசையில் நான்கு பேர் இருந்தார்கள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பென்சிலை எடுத்து அந்த எக்ஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் ஐயா” என்றார். ஊரார் பிழைகளுக்கு எத்தனையோ ஆயிரம் வட்டம் போட்டவன் நான். எனக்கு ஒருவர் போட்டது அன்றைக்குத்தான்.

வாசலில் டீக்கடையை ஒட்டி நின்ற ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “ஐயாயிரம் கொடுங்கள், எக்ஸ் காணாமல் போய்விடும்” என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். முதலெழுத்தை விரித்தபோதே ஒரு வாய்ப்பு போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தபோது, என் தொழில் வாழ்க்கையில் பார்த்திராத கவனத்தோடு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். இதற்கிடையில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி, எந்த மதத்தினர் ஆனாலும் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருகிறார்கள். அதையும் தாண்டினால் சட்ட நடவடிக்கைக்கு இடம் உண்டு. கோயில் ரசீதும் ஆல்பமும் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் என் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். திருமணம் நடந்த ஊரில்தான் பதிய முடியும் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மணமகனோ மணமகளோ வசிக்கும் இடத்து அலுவலகத்திலும் பதியலாம்.

என் தலைமுறைக்கு இந்தக் கவலை கிடையாது. என்னுடையது சீர்திருத்தத் திருமணம். மாலை மாற்றினோம், முடிந்தது. அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7அ பிரிவு அதைச் செல்லும் என்று சொன்னது. சான்றிதழ் எங்கே என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. விசா, வங்கி, காப்பீடு என்று எங்கே போனாலும் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள்.

அதற்காகக் குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுகிறவர்களும் உண்டு. என் தம்பி மகனுக்குக் கனடா விசா அவசரம் என்று, ‘முதலில் பதிந்துவிடுவோம், தை மாதம் தாலி கட்டிக்கொள்ளட்டும்’ என்று பேச்சு எழுந்தது. நான் ஒரே பிடியாகத் தடுத்தேன். இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடக்காத திருமணத்துக்குப் பதிவுச் சான்று மட்டும் உயிர் கொடுக்காது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சடங்கே வேண்டாம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். தம்பி என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான் உண்டு. பெயரைத் தமிழில் எழுதும்போது முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசே ஆணையிட்டது. அப்படியிருக்க, திருமணப் பதிவு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, எந்த ஆவணத்தில் உள்ளபடி பெயரை எழுத வேண்டும், எழுத்து வேறுபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? அலுவலகச் சுவரிலும் அதை ஒட்டலாம். டீக்கடை வாசலில் நிற்பவருக்கு மட்டும்தான் அதனால் நஷ்டம்.

பெண்களின் முதலெழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவு முடிந்த கையோடு, “இனி கணவர் பெயரின் முதலெழுத்தைத்தானே போட வேண்டும்?” என்று சம்பந்தியம்மாள் கேட்டார். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. என் மகள், “ஆதாரில் எனக்கு இனிமேல் திருத்தம் பாக்கி இல்லை அத்தை” என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சான்றிதழ் வந்துவிட்டது. வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் தெருவின் பெயரில் மட்டும் ஒரு கால் விழுந்து, மாட வீதி ‘மட வீதி’ ஆகியிருந்தது. சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மயிலாப்பூர், சென்னை-4.