வெயில் ஊரில் சால்வை எதற்கு?

அலிகாந்தே, ஸ்பெயின்
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, ஆச்சி நலமும் அறிய ஆவல். பொங்கலன்று வீடியோவில் பேசும்போது, "முந்நூறு நாள் வெயிலடிக்கிற ஊருன்னு சொன்ன, வீட்டுக்குள்ள சால்வையும் சாக்ஸுமா உக்காந்திருக்கியே?" என்று கேட்டீர்கள். பின்னாலிருந்து சித்தப்பா சிரித்ததும் கேட்டது. போனில் சொல்லி முடியாத கதை அது. வீடு வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெயில் பொய்யில்லை. இன்றைக்கும் நீல வானம்தான், மத்தியானம் வெளியே 17 டிகிரி. கடற்கரை நடைபாதையில் பெரியவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தால் 14 டிகிரி. இங்கே பல வீடுகள் 1960, 70-களில் சுற்றுலா வந்த வேகத்தில் மளமளவென்று எழுந்தவை. சுவரில் வெப்பம் காக்கும் அடுக்கு வைக்க வேண்டும் என்று முறையான கட்டட விதி வந்ததே 1979-ல்தான். எங்கள் வாடகை வீடு அதற்கும் முந்தியது. தரை முழுக்க டைல்ஸ், சூடேற்றும் வசதி கிடையாது. போதாக்குறைக்கு வடக்குப் பார்த்த வீடு. டிசம்பரில் இங்கே நண்பகல் சூரியனே 28 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது, தெற்கு ஓரமாகவே நடந்து போய்விடும். வடக்கு ஜன்னலுக்கு ஆறு மாதம் சூரிய முகமே தெரியாது. துணி காய மூன்று நாள். போன குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்து, அம்மா கொடுத்த காஞ்சிபுரம் பட்டில்கூட ஒரு பொட்டு விழுந்தது (அம்மாவிடம் சொல்ல வேண்டாம்). வீட்டுக்காரரிடம் சொன்னால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார். திறந்தால் குளிர், மூடினால் பூஞ்சை.

எங்களிடம் இந்த வீட்டைக் காட்டியது ஜூலை மாதம். வெளியே அடுப்பு மாதிரி கொதிக்க, உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. "ஆகா, ஏசியே வேண்டாம்" என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம்.

அதனால் இப்போது வாங்கப் பார்க்கும் வீடுகளை ஜனவரியில்தான் பார்க்கிறோம், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு. நம்மூரில் தெற்கு வாசல் என்றால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். இங்கே தெற்குக்குத்தான் விலை. காரணம் எளிது: ஜூனில் சூரியன் 75 டிகிரி வரை உச்சிக்கு ஏறிவிடுவதால் மேல்மாடி பால்கனியே குடையாகிவிடும், உள்ளே வெயில் வராது. குளிர்காலத்தில் தாழ்வாகச் சாய்ந்து வரும்போது அதே ஜன்னல் வழியாக சோபா வரைக்கும் வெயில் வந்து உட்காரும். மேற்குப் பார்த்தது மட்டும் ஆகவே ஆகாது. ஆகஸ்டில் மத்தியானம் மூன்றிலிருந்து ராத்திரி ஒன்பது வரை சுவர் வெந்துகொண்டே இருக்கும். அத்தை போனில் கிழக்குதான் வேண்டும் என்கிறார்கள். தெற்குப் பார்த்த வீட்டைத் தென்கிழக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறோம்.

விளம்பரத்தில் இதெல்லாம் வராது. இங்கிலாந்து, பெல்ஜியம், நார்வேயிலிருந்து வருகிறவர்கள் வெயிலுக்காகவே வருகிறார்கள். அவர்களுக்கு பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் என்பது கணக்கு. நமக்கு வெயிலை எப்போது வெளியே நிறுத்துவது என்று பிறந்ததிலிருந்து தெரியும். எதிர்வீட்டு ஸ்பானியப் பாட்டிக்கும் தெரியும். கோடையில் காலை பத்து மணிக்கு 'பெர்சியானா' என்கிற சுருள் கதவை ஜன்னலுக்கு வெளியே கடகடவென்று இறக்கிவிட்டு வீட்டை இருட்டாக்கிவிடுவார், ஒன்பது மணிக்குத்தான் ஏற்றுவார். ஆச்சி மூங்கில் தட்டி இறக்குவார்களே, அதே வேலை.

காற்றைப் பற்றி உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று 'லெவாந்தே': நம்முடைய கொண்டல். மேற்கிலிருந்து மலை தாண்டி வந்து காதுமடலைச் சுடுகிற காற்று 'பொனியெந்தே': சாட்சாத் கச்சான். அது வீசுகிற நாளில்தான் இங்கே 40 டிகிரி தொடும். சில நாள் சஹாராவிலிருந்து செம்மண் தூசி வந்து, அதன்மேல் ரெண்டு தூறல் விழுந்தால், காரெல்லாம் சேறு பூசிய எருமை மாதிரி நிற்கும்.

அப்புறம் மழை. இங்கே ஆண்டுக்கே சுமார் 300 மில்லிமீட்டர்தான். நம் தூத்துக்குடியே வறண்ட ஊர், அங்கே பெய்வதில் பாதி. ஆனால் வருகிற மாதங்களைப் பாருங்கள்: செப்டம்பர், அக்டோபர். நம் ஐப்பசி கணக்கேதான். கோடை முழுக்கச் சூடேறிய கடல் 26, 27 டிகிரியில் இருக்கும்போது, வடக்கேயிருந்து பிரிந்து வந்த குளிர்காற்றுத் திரள் ஒன்று மேலே வந்து நின்றுவிடும். கொண்டல் ஈரத்தை அள்ளி வந்து கரையோர மலையில் மோதும். அவ்வளவுதான், வானம் பிளந்த மாதிரி. ஊரார் 'கோத்தா ஃப்ரியா' என்பார்கள், குளிர்ந்த துளி என்று அர்த்தம். வானிலைக்காரர்கள் 'டானா' என்கிறார்கள்.

2024 அக்டோபர் 29-ம் தேதி வலென்சியாவில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும், அன்று ராத்திரி பத்து தடவை போன் செய்தீர்கள். நாங்கள் இருப்பது அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரத் தூரத்தில், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 771 மில்லிமீட்டர். நம் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வகை. 220 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பைபோர்ட்டா என்கிற ஊரில் அன்று சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. மேலே மலையில் பெய்த தண்ணீர், வருஷமெல்லாம் காய்ந்து கிடக்கிற ஓடை வழியாக வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போனது. தரைத்தளத்திலும் நிலவறை கார் நிறுத்தத்திலும் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

அந்தக் காய்ந்த ஓடையை இங்கே 'ரம்ப்லா' என்பார்கள். எங்கள் ஊரின் பெரிய கடைத்தெருவுக்கே அந்தப் பெயர். ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய வழி அது. "மனை பாக்கணும்னா மழ பேஞ்ச மறுநாள் போ" என்று நீங்கள் சொல்வீர்களே, இங்கே அப்படி மழைக்குக் காத்திருந்தால் கிழவியாகிவிடுவேன். நல்லவேளையாக, எந்தத் தெருவில் வெள்ளம் வரும் என்று அரசாங்கமே வரைபடம் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. செகுரா ஆற்றுச் சமவெளியில் தோட்டத்தோடு ஒரு தனி வீடு, எலுமிச்சை மரம், விலையும் கம்மி. இவர் மயங்கிவிட்டார். வரைபடத்தைத் திறந்தால் அந்த இடம் முழுக்க வெள்ளப் பகுதி. 2019 செப்டம்பரில் அல்மொராதி பக்கம் ஆற்றங்கரை உடைந்து ஊரெல்லாம் தண்ணீர் நின்ற பகுதி. காட்ட வந்த தரகர் வாயே திறக்கவில்லை. நான் சுவரைத்தான் பார்த்தேன், இடுப்புயரத்துக்குப் புது பெயிண்ட்.

ஒன்று மட்டும் உங்களுக்குக் காட்ட வேண்டும். சான் ஹுவான் கடற்கரைப் பக்கம் மழை வந்தாலே தெருவெல்லாம் குளமாகும். 2015-ல் அங்கே 'லா மர்ஹால்' என்று ஒரு பூங்கா திறந்தார்கள். சாதாரண நாளில் குளம், வாத்து, நடைபாதை. பெருமழை வந்தால் தெருத் தண்ணீர் அங்கே போய் நிறையும், 45,000 கன மீட்டர் பிடிக்கும். நம்மூரில் இருந்த குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டினோம், இவர்கள் கட்டடங்களுக்கு நடுவே குளம் வெட்டியிருக்கிறார்கள் என்று இவரிடம் சொன்னேன். வாத்துக்கு ரொட்டி போடாதே என்றார்.

கடலோரத்திலேயே வாங்கினால் என்ன என்று சித்தப்பா கேட்டாராம். இங்கே 1988-ல் வந்த கடற்கரைச் சட்டப்படி கரை பொதுச் சொத்து. அதற்குமுன் மணலில் கட்டிய வீடுகளில் குறிப்பிட்ட காலம்வரை இருக்க அனுமதிதான், சொந்தம் இல்லை. குவார்தமாரில் பாபிலோனியா கடற்கரை என்று ஒன்று, 1930-களில் கட்டிய வரிசை வீடுகள். அலை முன்வாசலை, திண்ணையை எல்லாம் தின்றுவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு காட்சி: நூறு வருஷத்துக்கு முன் மணல்மேடுகள் ஊரை மூட வந்தபோது பிரான்சிஸ்கோ மிரா என்கிற பொறியாளர் பைன் மரம் நட்டு நிறுத்தினார். நம் செம்மணல் தேரிக்காட்டை நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தக் காட்டுக்குள் நடந்தேன்.

பண விவரம் கேட்டீர்கள். நாங்கள் பார்த்து முடித்திருப்பது மூன்றாம் மாடி, 72 சதுர மீட்டர், லிஃப்ட் உண்டு. விலை 1,48,000 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. வங்கி 80 சதவீதம் வரை தரும். ஆனால் பழைய வீடு என்பதால் கைமாற்று வரியே இப்போதைக்கு 10 சதவீதம், நோட்டரி, பதிவுச் செலவு தனி. ஆக மூன்றில் ஒரு பங்கு நம் கையிலிருந்து வேண்டும். வில்லங்கம் பார்க்க 'நோத்தா சிம்ப்ளே' என்று ஒரு தாள், செலவு சொற்பம்தான், எடுத்துப் பார்த்துவிட்டோம். முன்பணம் 10 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. நாங்கள் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். குடியிருப்புச் சங்கத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியில் இந்த வருஷமும் அதற்கு முந்தைய மூன்று வருஷமும் வாங்குகிறவர் தலையில் விழும் என்பதால், பாக்கியில்லை என்று சங்கத்திடம் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறோம். நீச்சல்குளம் இருக்கிற குடியிருப்பு வேண்டாம் என்றேன். மூன்று மாதம் குளிக்கப் பன்னிரண்டு மாதம் சந்தா.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி போய் நின்றோம். வெயில் கூடத்தின் பின்சுவர் வரை வந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், பூஞ்சை இல்லை. கடலிலிருந்து அரை கிலோமீட்டர்தான், உப்புக்காற்று நன்றாக அடிக்கிறது. பால்கனிக் கம்பி அடியில் துருப்பிடித்து உரிகிறது, ஏசியின் வெளிப்பெட்டியும் அப்படித்தான். மற்றபடி எனக்குப் பிடித்திருக்கிறது.

உப்பளத்து ஆபீஸ் இரும்புக் கதவுக்கு வருஷா வருஷம் சுரண்டிவிட்டு முதல் கோட்டாக ஏதோ சிவப்பாக அடிப்பீர்களே, அதற்குப் பெயர் என்ன? எத்தனை நாள் காயவிட்டு அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும்? பத்திரம் மார்ச்சில். அதற்குள் கேட்டு எழுதுங்கள்.

அன்பு மகள்,
செல்வி