மருந்தை எப்போது கொடுத்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டாரின் போன்ற அமினோ அமிலங்கள் பக்கவாதத்தில் மூளையைக் காக்கும் என்று எலிச் சோதனைகளை வைத்து அவ்வப்போது செய்தி வருகிறது. மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்பது மட்டும் அதில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு விழும் முன்பே கொடுத்திருந்தால் அது தடுப்பு, சிகிச்சை அல்ல. மருத்துவமனைக்கு வருபவருக்கு அடைப்பு ஏற்கெனவே விழுந்திருக்கும்.

இந்தச் சோதனையில் சுமார் 250 முதல் 300 கிராம் எடையுள்ள எலியை மயக்கி, நுனியில் சிலிக்கோன் பூசிய நைலான் இழையைக் கழுத்துத் தமனி வழியாக 18–20 மி.மீ. செலுத்தி, நடு மூளைத் தமனியின் வாயை அடைப்பார்கள். 90 அல்லது 120 நிமிடம் கழித்து இழையை உருவினால் ரத்தம் திரும்பப் பாயும். அப்போது பெருகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள், பட்டினி கிடந்த செல்களை மேலும் சிதைக்கும். இழை சற்றுக் குறைவாகப் போனால் அடைப்பு அரைகுறையாகும். கூடுதலாகப் போனால் தமனி கிழிந்து ரத்தம் கசியும். ரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளர் கருவியில் அது பழைய அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதைப் பார்க்காமல் அந்த எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உடல் வெப்பம்தான் அதிகம் ஏமாற்றும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே மருந்தில்லாமலும் சேதம் சுருங்கும். டாரின் கூடுதல் அளவில் உடல் வெப்பத்தைத் தணிக்கக்கூடும் என்பதால், அறுவையின்போது மட்டுமல்லாமல் பிந்தைய சில மணி நேரமும் 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மூளையை 2 மி.மீ. துண்டுகளாக்கி டிடிசி சாயத்தில் 37 டிகிரியில் ஊறவைப்பார்கள். உயிருள்ள திசு சிவக்கும், இறந்தது வெளுத்தே இருக்கும். சேதமான பக்கம் வீங்குவதால் வெண்பகுதி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். டாரின் செல்களின் நீர்ச்சமநிலையிலும் பங்கு கொள்கிறது. எனவே வீக்கம் மட்டும் வடிந்திருந்தாலும் செல்கள் பிழைத்ததுபோலத் தோன்றும். நல்ல பக்கத்தின் பரப்பிலிருந்து சேதமான பக்கத்தில் மிஞ்சிய சிவப்புப் பரப்பைக் கழித்தால்தான் உண்மை தெரியும். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்பது தெரியக் கூடாது.

என்எக்ஸ்ஒய்-059 என்ற பக்கவாத மருந்து எலிகளில் நன்றாக வேலை செய்தது. 2006-இல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வும் நம்பிக்கை தந்தது. 2007-இல் வெளியான அடுத்த ஆய்வில் பலன் இல்லை. அது அமினோ அமிலம் அல்ல, ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை இதுவேதான்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, மருந்து அடைப்புக்கு முன்பா பின்பா, எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை நாள் கழித்து எலியின் நடை சோதிக்கப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆய்வாளர்கள் சிலர்