நைட்ரஜனுக்கு ஜன்னல் இல்லாத அறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருமுட்டை, விந்தணு, திசு மாதிரிகளைத் திரவ நைட்ரஜனில் உறைநிலையில் காக்கும் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திரவ நைட்ரஜன் என்றாலே எல்லோரும் கை வெந்துவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். மைனஸ் 196 டிகிரி என்பதால் அந்தப் பயமும் நியாயம்தான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான்.

ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறையில் 10 லிட்டர் கொட்டினால், காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நைட்ரஜன் வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. கண்ணில் படும் வெள்ளை மூட்டம் காற்றிலுள்ள ஈரம்தான். மூட்டம் கலைந்ததும் ஆபத்து போய்விட்டதாக நினைத்து உள்ளே போகிறார்களே, அதுதான் வினை.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் திரவ நைட்ரஜன் கலன்களை அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சாமான் அறையில் வைத்திருந்தார்கள். குளிர்ந்த வாயு தரையோடு படியும்; அதை வெளியேற்ற வேண்டிய மின்விசிறியோ கூரையை ஒட்டி! ஆக்சிஜன் அளவுமானியை உள்சுவரில் மாட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால்தான் எண் தெரியுமாம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் கருவி, அளவைக் கதவுக்கு வெளியே காட்ட வேண்டாமா?

லிஃப்டில் கலனை ஏற்றினால் ஆள் கூடப் போகக் கூடாது. கலன் தனியாகப் போகட்டும், மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும். மூடியை இறுக்கி அடைப்பதும் வேண்டாம், அழுத்தம் ஏறி வெடிக்கும். தீயணைப்பு ஆய்வுக்கு வருகிறவர்கள் இந்த அறைகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்